மேட்டில் ஏறினால் இழுவை போய்விடுகிறது, டர்போவை மாற்றச் சொல்கிறார்கள்

ஈசூன்வாசி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி விவரம் கொடுத்தால் பாதிப் பதில்தான் வரும்.

வண்டி 2 லிட்டர் டர்போ டீசல், ஐரோப்பியக் கார், ஆட்டோ கியர், 2015 பதிவு. ஓட்டம் 138,000 கிலோமீட்டர். சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வேண்டிய உரிமச் சான்றிதழ்) ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். அது முடிந்தால் மறுபடி புதுப்பிக்க வழியில்லை, நேரே ஸ்கிராப்தான். அதனால் இதில் எவ்வளவு பணத்தைக் கொட்டுவது என்றும் ஒரு கணக்கு இருக்கிறது.

பிரச்சினை ஒரு மாதமாக. முதல் தடவை புக்கிட் தீமா விரைவுச்சாலையில், குடும்பத்தோடு நான்கு பேர், லேசான ஏற்றம். மிதித்தால் 2,000 ஆர்பிஎம் வரை ஒழுங்காக வருகிறது, அதற்கு மேல் யாரோ பின்னாலிருந்து பம்பரைப் பிடித்து இழுப்பது போல் இருக்கிறது. எஞ்சின் விளக்கு சில நேரம் எரியும், சில நேரம் எரியாது. ஓரமாக நிறுத்தி அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் பழையபடி ஓடுகிறது, பத்து இருபது நிமிடம் கழித்து மறுபடி அதே கதை. காலையில் முதல் ஓட்டத்தில் ஒருநாளும் வந்ததில்லை. புளோக் கார்பார்க்கில் ஐந்தாம் மாடி வரை ஏறுவதிலும் தொல்லை இல்லை.

கரும்புகை இல்லை. எண்ணெய் குறையவில்லை. ஊளையிடும் சத்தமும் கிடையாது.

ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்கேனரைச் செருகினார், பி0299 என்று வந்தது, "டர்போ போச்சு, ரீகண்டிஷன் போட்டால் 3,200 சிங்கப்பூர் வெள்ளி" என்றார். பானெட்டைத் திறந்தது மொத்தமே இரண்டு நிமிடம் இருக்கும். 3,200 கொடுக்க நான் தயார், ஆனால் கொடுத்த பிறகும் இதே கதை தொடர்ந்தால் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது.

தினசரி ஓட்டம்: மகளை அங் மோ கியோவில் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்கு. ஒரு வழி ஏழு கிலோமீட்டர்கூட வராது.


பழைய_ஸ்பேனர்:

தம்பி, 3,200 வெள்ளியைப் பையிலேயே வைத்திருங்கள். பி0299 என்றால் டர்போ செத்துவிட்டது என்று பொருள் இல்லை. கம்ப்யூட்டர் டர்போவிடம் இவ்வளவு காற்றழுத்தம் கேட்டது, அவ்வளவு வரவில்லை, அதைத்தான் அந்தப் பிழைக் குறியீடு சொல்கிறது. ஏன் வரவில்லை என்று அதற்கும் தெரியாது. குறியீட்டைப் படித்துவிட்டு நேரே பாகத்தின் விலையைச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். நான் லாரி, வேன் எல்லாம் பார்த்து இருபத்தைந்து வருடம் இதில் கை கறுத்தவன், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. அணைத்துப் போட்டால் சரியாகிறது என்கிறீர்கள். உடைந்த டர்போ அணைத்துப் போட்டதும் ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டாது. அழுத்தம் கணக்குக்கு ஒத்து வரவில்லை என்றதும் எஞ்சினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே எரிபொருளைக் குறைத்து நொண்டியடிக்க விடுகிறது, லிம்ப் மோட் என்பது அதுதான். அணைத்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கும், காரணம் அப்படியே இருக்கும்.

அப்புறம், சூடானால்தான் வருகிறது. இதைக் கவனியுங்கள்.

இந்த வகை டர்போவில் டர்பைனை (எஞ்சின் புகை சுழற்றும் சக்கரம்) சுற்றிச் சின்னச் சின்ன இதழ்கள் இருக்கும். அவை மூடினால் புகை குறுகலான வழியில் வேகமாகப் பாய்ந்து டர்பைனைச் சுற்றும், திறந்தால் வேகம் தணியும். இதழ்களை அசைப்பது ஒரு கம்பி. பல வண்டிகளில் அந்தக் கம்பியை இழுப்பது வேக்குவம் (காற்றை உறிஞ்சிய வெற்றிடம்), சிலவற்றில் மின் மோட்டார். வேக்குவம் வகையில் இழுப்பு இல்லாவிட்டால் இதழ்கள் திறந்தே கிடக்கும், டர்போ சும்மா சுற்றும், பூஸ்ட் (டர்போ கொடுக்கும் கூடுதல் காற்றழுத்தம்) வராது. வேக்குவம் போகும் வழியோ பென்சில் கனத்துக்கு ரப்பர் ஹோஸ், எஞ்சின் சூட்டிலேயே பத்து வருடம் வெந்தது.

செலவில்லாமல் செய்ய வேண்டியது. முப்பது வெள்ளிக்கு ஓபிடியில் (ஸ்கேனர் செருகும் அதே துளையில்) செருகும் ப்ளூடூத் கருவி கிடைக்கும், வாங்குங்கள். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டு, மேனிஃபோல்டு அழுத்தம் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) எவ்வளவு என்று பாருங்கள். சிங்கப்பூரில் அது 100, 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும், ஏனென்றால் வெளியே இருக்கும் காற்றின் அழுத்தமே அவ்வளவுதான். 85 என்றோ 120 என்றோ காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது, டர்போமேல் பழி போடாதீர்கள். (கெந்திங் உச்சியில் போட்டுப் பார்த்தால் 81, 82தான் காட்டும். 1,800 மீட்டர் உயரம், பயப்பட வேண்டாம்.)

அடுத்து ஓட்டிப் பார்க்கிற சோதனை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஃபோனைப் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது. மூன்றாம் கியரில் பிடித்து 1,500இலிருந்து 3,000 வரை முழு மிதி. கேட்ட பூஸ்ட் எவ்வளவு, வந்தது எவ்வளவு, ரெயில் அழுத்தம் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம்) கேட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு, நான்கு எண். மூன்றாம் கியரில் இதெல்லாம் 80, 90க்குள் முடிந்துவிடும், கேமராவுக்கு வேலை இல்லை. ரெயில் அழுத்தம் விழுந்தால் டீசல் ஃபில்டர், பம்ப் பக்கம் பார்க்க வேண்டும். அது விழாமல் பூஸ்ட் மட்டும் விழுந்தால் காற்றுப் பக்கம்.

எண்களைப் போடுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.


துவாஸ்_கடலோடி:

ஸ்பேனர் அண்ணன் சொன்னது சரி, ஆனால் புகையின் நிறத்தை மறந்துவிட்டார். நான் கார் மெக்கானிக் இல்லை, கப்பல் எஞ்சின் ஆள், துவாஸில் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை. எங்கள் டர்போ ஒன்றைத் தூக்க கிரேன் வேண்டும், உங்களுடையது தேங்காய் அளவுதான். ஆனால் சங்கதி ஒன்றே. 1905இல் சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஹி காப்புரிமை வாங்கிய அதே எண்ணம்தான், வீணாய்ப் போகிற புகையை வைத்துக் காற்றை அமுக்குவது.

கரும்புகை என்றால் காற்று போதவில்லை, ஹோஸ் கிழிந்திருக்கலாம். புகையே இல்லாமல் இழுவை குறைந்தால் டீசல் போதவில்லை, அல்லது கம்ப்யூட்டர் குறைக்கிறது. வெள்ளைப் புகை என்றால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டராக இருக்கலாம். எங்கள் தளத்தில் புதிதாக வரும் தம்பிகளுக்கு முதல் நாள் பாடம் இதுதான்.

இன்னொன்று, கரி. கப்பலில் டர்பைன் பக்கம் படியும் கரியை எடுக்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்நட் ஓட்டுத் தூளை உள்ளே ஊதுவார்கள். கேட்டால் சிரிப்பாக இருக்கும், நிஜமாகவே செய்கிறோம். காரில் அதைச் செய்யாதீர்கள் ஐயா, இதழும் ஃபில்டரும் போய்விடும். சொல்ல வந்தது, ஏழு கிலோமீட்டர் ஓட்டத்தில் உங்கள் இதழ்களில் கரி கட்டித்தான் இருக்கும். எனக்கு அதுதான் சந்தேகம்.


பழைய_ஸ்பேனர்:

கடலோடி தம்பி, புகைப் பாடம் பழைய லாரிக்குச் சரி. இவர் வண்டியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது, கரியெல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும், பின்னால் ஒன்றும் தெரியாது. "கரும்புகை இல்லை" என்று அவர் எழுதியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வேண்டுமானால் சைலன்சர் குழாய்க்குள் விரலைவிட்டுத் துடைத்துப் பாருங்கள் (வண்டி ஆறிய பிறகு, தயவுசெய்து). டிபிஎஃப் நன்றாக இருந்தால் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். மை மாதிரி ஒட்டினால் டிபிஎஃப் விரிசல், அல்லது முந்தைய ஓனர் அதைக் குடைந்து எடுத்துவிட்டார். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை இது.

கரி பற்றிச் சொன்னது நியாயம். இதழ் சிக்கினாலும் இதே அறிகுறிதான் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது, எண் வரட்டும்.


உட்லண்ட்ஸ்_டீசல்_அக்கா:

தம்பி, நானும் டீசல்தான். ஜேபியில் (மலேசியாவின் ஜொகூர் பாருவில்) வேலை, தினமும் காஸ்வே பாலம். 2017இல் டீசலுக்கு லிட்டருக்கு 10 காசு வரி போட்டார்கள், 2019இல் 20 காசு ஆக்கினார்கள், பெட்ரோலுக்கு மாறு என்று வீட்டுக்காரர் அப்போதே சொன்னார், நான் கேட்கவில்லை.

என் வண்டிக்கும் இதே மாதிரி வந்தது. பாலத்தில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து டிபிஎஃப் அடைத்துக்கொண்டது. அடைத்தால் டர்போவுக்குப் பின்னால் புகை போக வழியில்லை, டர்பைன் சுற்றாது, பூஸ்ட் வராது, அதே பி0299தான் வரும். எனக்குச் சொன்ன விலை டிபிஎஃப் மாற்ற 4,000. அதற்கு முன்னால் இஜிஆரை (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் வால்வு) கழற்றிக் கழுவினார்கள், 350. டேங்கில் ஊற்றும் மருந்து இரண்டு பாட்டில். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பார்த்தால் புகையின் சூட்டை அளக்கும் ஒரு சென்சார் போயிருந்தது. சூடு எவ்வளவு என்று தெரியாமல் கம்ப்யூட்டர் டிபிஎஃப்பைச் சுத்தம் செய்யவே விடவில்லை. கரியை எரிக்க 600 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டைக் கண்ணைக் கட்டிக்கொண்டு அது ஏற்றாது, அதுவும் நியாயம்தானே. சென்சாரும் கூலியும் 180.

ஆகவே டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தையும் பாருங்கள், அந்தக் கருவியிலேயே வரும். சும்மா ஓடும்போது ஒரு சில மில்லிபார்தான் இருக்க வேண்டும். எண்ணெய்க் குச்சியையும் இழுத்துப் பாருங்கள். குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஏறியிருக்கிறதா? பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு சுத்திகரிப்பிலும் கொஞ்சம் டீசல் எண்ணெயில் கலக்கும். எனக்கு மேல் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது, நான் முட்டாள்தனமாக "எண்ணெயே குடிக்காத வண்டி" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.


ஈசூன்வாசி:

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு உடனே கீழே போய்ப் பார்த்தேன். மேல் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. நானும் பெருமைப்பட்டவன்தான்.

கருவி வந்தது. நேற்று ராத்திரி செலத்தார் விரைவுச்சாலையில் ஓட்டினோம், மனைவி எண்களை வாசிக்க நான் ஓட்ட, "இதற்கா என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பினாய்" என்ற வசனம் தனி.

சாவி மட்டும் போட்டபோது: 101. சென்சார் சரி.

வண்டி ஆறியிருந்தபோது முழு மிதி: பூஸ்ட் கேட்டது 215 கிலோபாஸ்கல், வந்தது 208.
இருபது நிமிடம் ஓடிய பிறகு: கேட்டது 215, வந்தது 136. உடனே நொண்டி.

ரெயில் அழுத்தம் இரண்டு தடவையும் கேட்டபடி வந்தது, 1,600 பாருக்குப் பக்கத்தில், வித்தியாசம் சொற்பம்.

டிபிஎஃப் வித்தியாசம் சும்மா ஓடும்போது 19 மில்லிபார். குழாயில் விரலைவிட்டேன், சுத்தம்.

அப்படியானால் டிபிஎஃப்தானா?


பழைய_ஸ்பேனர்:

இருங்கள், அவசரப்படாதீர்கள். 19 அதிகம்தான், ஆனால் டிபிஎஃப் மட்டும் காரணமாக இருந்தால் ஆறின வண்டியில் 208 எப்படி வந்தது? அடைப்பு காலையில் திறந்து மத்தியானம் மூடாது. கரியால் சிக்கின இதழும் அப்படித்தான், சூட்டில் அடம் பிடிப்பது உண்டு, ஆனால் பெரும்பாலும் குளிரிலும் கொஞ்சமாவது காட்டிக்கொடுக்கும். எனக்கு வேக்குவம்மேல்தான் சந்தேகம்.

பானெட்டைத் திறந்து டர்போ பக்கத்துக் கம்பியைத் தேடுங்கள், டார்ச் அடித்தால் தெரியும். ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும். ஸ்டார்ட் ஆனதும் கம்பி சரேலென்று இழுபட வேண்டும், அணைத்தால் திரும்பி வர வேண்டும். இதை ஆறின வண்டியில் ஒரு தடவை, நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு தடவை பாருங்கள். கையை உள்ளே விடாதீர்கள், ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றும்.

சூட்டில் கம்பி சோம்பலாக இழுபட்டால், ஹோஸைக் கழற்றி, கம்பியை இழுக்கும் ஆக்சுவேட்டரில் நேரடியாகக் கைப் பம்பை மாட்டி இழுங்கள். கைப் பம்ப் யாரிடமாவது இரவல் கிடைக்கும். கம்பி வழுக்கிக்கொண்டு போய் ஒரு நிமிடம் அப்படியே நின்றால் ஆக்சுவேட்டரும் இதழ்களும் பிழைத்தன, குற்றவாளி ஹோஸ் அல்லது சாலினாய்டு (வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு). தட்டுத் தட்டாக நகர்ந்தால் கரி. நிற்காமல் நழுவி வந்தால் உள்ளே டயாஃபிரம் (ரப்பர் சவ்வு) கிழிசல். இந்த மூன்று விடைக்கும் மூன்று விலை, முதலாவதுதான் மலிவு.

பிரேக் மிதி கட்டையாக இருக்கிறதா என்றும் சொல்லுங்கள். பிரேக்குக்கும் அதே பம்ப்தான் வேக்குவம் கொடுக்கிறது. கட்டையாக இருந்தால் சோதனை எல்லாம் வேண்டாம், இழுவண்டியைக் கூப்பிடுங்கள்.


ஈசூன்வாசி:

பிரேக் சாதாரணமாகத்தான் இருக்கிறது.

கண்டுபிடித்தாயிற்று! சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கார்பார்க்கில் ஆரம்பித்தேன். ஆறின வண்டியில் கம்பி சுறுசுறுப்பாக இழுபட்டது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் பாதிதான் இழுபடுகிறது, அதுவும் நடுங்கிக்கொண்டு. நண்பர் ஒருவரிடம் கைப் பம்ப் இருந்தது. ஆக்சுவேட்டரில் நேரே மாட்டினேன், வழுக்கிக்கொண்டு போனது, ஒரு நிமிடம் அசையாமல் நின்றது.

அப்புறம் ஹோஸ் ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே போனேன். சாலினாய்டிலிருந்து டர்போவுக்குப் போகிறது ஒன்று, துணி நெய்த ஹோஸ், ஒரு தகரப் பிடியில் உரசி உரசி அடிப்பக்கம் நகத்தால் கீறினது போல் ஒரு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே படாது. ஆறியிருக்கும்போது மூடிக்கொள்கிறது, சூட்டில் ரப்பர் இளகி வாய் திறக்கிறது. ஒரு மீட்டர் புது ஹோஸ் 9 வெள்ளி.

மாட்டிவிட்டு ஓட்டினால் சூட்டில் கேட்டது 215, வந்தது 211. மனைவியே "இப்போது வண்டி மாதிரி இருக்கிறது" என்றாள். கை எரிந்தது, முழங்கால் சிராய்த்தது, பரவாயில்லை.

ஆனால் டிபிஎஃப் வித்தியாசம் இன்னும் 18இலேயே நிற்கிறது. அதை என்ன செய்வது?


உட்லண்ட்ஸ்_டீசல்_அக்கா:

அதுவும் அந்த ஹோஸின் வேலையாகத்தான் இருக்கும் தம்பி. பூஸ்ட் குறைந்தால் காற்று குறைவு, கரி அதிகம். அதற்கு மேல் பிழைக் குறியீடு ஒன்று கம்ப்யூட்டர் நினைவில் கிடந்தால் பல வண்டிகளில் சுத்திகரிப்பே நடக்காது. உங்கள் டிபிஎஃப் ஒரு மாதமாக வெறுமனே வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. குறியீட்டை அழித்துவிட்டு நல்ல ஓட்டம் ஒன்று கொடுங்கள்.

நான் செய்வது: ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தீவு விரைவுச்சாலையில் சாங்கியில் ஏறி துவாஸ் வரை. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நிறுத்தாமல் போகலாம். கியரை மேனுவலுக்கு மாற்றி, 2,000க்குக் கீழே போகாமல் பிடித்துக்கொள்ளுங்கள், வேகம் கூட்டத் தேவையில்லை. ஓட ஆரம்பித்த பிறகு ஃபோனில் புகைச் சூடு 550, 600 என்று ஏறினால் சுத்திகரிப்பு நடக்கிறது என்று அர்த்தம். அப்போது விரைவுச்சாலையை விட்டுச் சிக்னல் உள்ள சாலைக்கு இறங்கிவிடாதீர்கள், முடியட்டும். கார்பார்க்கில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு எரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நிறுத்திய வண்டியில் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது இங்கே குற்றம், அபராதம் உண்டு.

அது முடிந்த கையோடு எண்ணெயை மாற்றுங்கள், டீசல் கலந்த எண்ணெயோடு டர்போ பேரிங்கை ஓட்டாதீர்கள்.


துவாஸ்_கடலோடி:

எண்ணெய் ஏசிஇஏ சி3 என்ற ஐரோப்பியத் தரம் மாதிரி, சாம்பல் குறைவான வகையாகப் பாருங்கள், கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும். கரியை எரிக்கலாம், எண்ணெயில் வரும் சாம்பலை எரிக்க முடியாது, டிபிஎஃப்பிலேயே தங்கிவிடும்.

அப்புறம், கரி என்று நான் அடித்துச் சொன்னேன், ஹோஸ் என்று வந்தது. ஸ்பேனர் அண்ணனுக்கு ஒரு தே தாரிக் கடன்.


ஈசூன்வாசி:

செவ்வாய்க்கிழமை ராத்திரி போய் வந்தேன். ஜூரோங் தாண்டும்போது சூடு 590 வரை ஏறியது, இருபது நிமிடம் போல் நின்றது, பிறகு தானாக இறங்கியது. இன்று காலை சும்மா ஓடும்போது 5 மில்லிபார். எண்ணெய், ஃபில்டர் மாற்றியாயிற்று. எல்லாம் சேர்த்து 200 வெள்ளிக்குள், கருவியும் அதில் அடக்கம்.


பழைய_ஸ்பேனர்:

நல்லது. மிச்ச ஹோஸ்களும் அதே வயசுதான், ஒரு மீட்டரில் பாதி மிஞ்சியிருக்குமே, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அந்தத் தகரப் பிடியில் ஒரு துண்டு ரப்பரைச் சுற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் இன்ஸ்பெக்‌ஷன் சமயத்தில் மறுபடி இங்கே வந்து எழுதுவீர்கள். தே தாரிக் தேக்காவில் என்றால் வருகிறேன், துவாஸ் வரை வர முடியாது.